விளக்கெண்ணெய் குடித்த கார்

1948-ல் மயிலாப்பூர் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் பத்ரிநாராயணனைப் போல நகக்கண்ணெல்லாம் கிரீஸ் அப்பிய பி.ஏ. பட்டதாரி கிடைத்திருக்க மாட்டான். ஊருக்கு வெளியே, யுத்தத்தின்போது போட்டுவிட்டு அப்படியே விட்டுப்போன ஒரு விமான ஓடுபாதையில் ஞாயிறுதோறும் கார்ப் பைத்தியங்கள் கூடிப் பந்தயம் விடும். அதற்காகச் சனிக்கிழமை தன் இரண்டு ஸீட் சிவப்புக் காரின் மட்கார்டு, முன்கண்ணாடி, கூரைத்துணி எல்லாவற்றையும் கழற்றி எடையைக் குறைப்பான். ஞாயிறு பொழுது சாய்ந்ததும் அத்தனையையும் திரும்ப மாட்டுவான். திங்களன்று அதே காரில்தான் அவன் அப்பா ஹைகோர்ட்டுக்குப் போயாக வேண்டும்.

ஒரு திங்கள் அவசரத்தில் முன்பக்க மட்கார்டு ஒன்று விட்டுப்போயிற்று. லஸ் முனைச் சேறு மொத்தமும் அப்பாவின் கறுப்பு அங்கியில் ஏறிக்கொண்டது. கோர்ட் சேவகன் அவரைக் குளம் தூர்வாருகிற ஆள் என்று நினைத்து வாசலிலேயே மறித்துவிட்டானாம்.

“ஏண்டா பத்ரி, வக்கீலாத்துப் பிள்ளை மாதிரியா இருக்கே?” என்று கத்தினார் அப்பா. “வர ஞாயித்துக்கிழமை நானே வந்து பாக்கறேன். மூணு சுத்து முழுசா ஓட்டிக் காமி. இல்லேன்னா மறுநாளே இதை வித்துட்டு, கெட்டிக் கூரை வச்ச காரா வாங்கிண்டு வந்துடறேன்.”

பத்ரி மந்தைவெளி மெக்கானிக் கரீமுல்லாவிடம் ஓடினான். பந்தயக் கார் என்ஜினுக்கு இங்கிலாந்தில் ஆயிலுக்குப் பதில் விளக்கெண்ணெய்தான் ஊற்றுகிறார்கள் என்று எதிலோ படித்திருந்தான். வீட்டில் அதற்கா பஞ்சம்? குழந்தைகளுக்குப் பேதிக்குக் கொடுக்கவென்று அம்மா ஒரு ஜாடி நிறைய வைத்திருந்தாள்.

“பழைய ஆயிலைக் கீழே விட்டுடலாமா பாய்?”

“இன்னா சாமி, ஆயிலு கெடைக்கிறதே குதிரைக்கொம்பா கீது, கீழ விடுறியா? பாவம் புடிக்கும். அது மேலயே ஊத்து!”

பத்ரிக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. எல்லாவற்றுக்கும் ரேஷன் இருந்த கட்டுப்பாட்டுக் காலத்தில் கீழே கொட்ட எவனுக்கு மனசு வரும்? ஊற்றினார்கள்.

ஞாயிறு முதல் சுற்றில் கார் பறந்தது. புகை பின்னால் வந்தது. வாசனையோ முன்னாலேயே போயிற்று. சின்ன வயதில் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் புகட்டப்பட்ட அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பாதிக் கூட்டம் சவுக்குத் தோப்புப் பக்கம் ஒதுங்கிவிட்டது என்றால் நம்புங்கள்.

இரண்டாம் சுற்றில் இருமியது. மூன்றாம் சுற்றில், முடிவுக் கோட்டுக்குப் பத்தே அடி இருக்கையில் நின்றே விட்டது. கரீமுல்லா ஓடிவந்து எண்ணெய் மூடியைத் திறந்தார்.

“அய்யய்யோ, அல்வா மாதிரி கீதே சாமி!”

இரண்டு எண்ணெயும் மாமியார் மருமகள் போல ஒட்டாமல் திரிந்து பிசினாகியிருந்தன. பத்ரி ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டான். எத்தனை சனிக்கிழமை! எத்தனை போல்ட்டு! கரீமுல்லா தள்ளப் போனார்.

“தள்ளினா செல்லாது! கார் தானா வரணும்!” என்று முடிவுக் கோட்டில் நின்ற கொடிக்காரர் கத்தினார்.

“அப்ப கியரப் போட்டு ஸ்டார்ட்டர அமுக்கு சாமி! பேட்டரி இஸ்துக்கினு போவும்!”

அமுக்கினான். கார் ஒரு சாண் குதித்தது. இன்னொரு தரம், இன்னொரு சாண். தவளைகூட வேகமாகப் போயிருக்கும். ஒரு நாய் வந்து முன்சக்கரத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, சலித்துப்போய்க் கோட்டை முதலில் தாண்டியது. பேட்டரி கடைசியாக ஒரு முனகல் முனகியபோது முன்சக்கரம் கோட்டின் மேல் ஏறி நின்றது. கொடி இறங்கியது.

அப்பா குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். “சொன்னா சொன்னதுதான். விக்கலே.”

“விக்கணும்னாலும் எவன் வாங்குவான் நைனா?” என்றார் கரீமுல்லா.

அப்பா அவரை முறைத்தார், காரை முறைத்தார், கடைசியாகப் பிள்ளையிடம் திரும்பினார்.

“அது சரி, நாளைக்குக் கோர்ட்டுக்கு நான் எதுலடா போறது?”

பத்ரி ஸ்பானரை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் நுழைந்துகொண்டான்.