முன்கேட்டத் தொற

ரிசார்ட்டில் துணி துவைக்கும் அறையின் வெக்கையில் சங்கவி மயங்கி விழுந்தபோது, ஆம்புலன்ஸ் முன்கேட்டுக்குத்தான் வந்தது. காவலாளி திருப்பி அனுப்பினான். புல்வெளியில் கல்யாண வரவேற்பு. விருந்தினர் கண்ணில் படக்கூடாதாம். சவுக்குத் தோப்பைச் சுற்றி, மணலில் சக்கரம் புதைந்து, அது பின்கேட்டை அடைவதற்குள் அவள் போய்விட்டாள்.

மறுநாளே அவளோடு வேலை செய்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். சங்கவியின் புருஷன் சுதாகர் அழவில்லை. கிடாரை எடுத்தான். கல்லூரிக் காலத்தில் அவனோடு பங்க் ராக் வாசித்த லோகு டிரம்ஸோடு வந்து சேர்ந்தான். மெட்டெல்லாம் அப்புறம், கத்தல்தான் பாட்டு.

தொற, தொற, முன்கேட்டத் தொற!
உன் விருந்து கெட்டா கெடட்டும், தொற!
எங்க உசுரு போவுது, தொற!

மாமல்லபுரத்து ஷேர் ஆட்டோக்களில் அதுவே ஓடியது. ரிசார்ட்டில் அறை பதிந்தவர்கள் ரத்து செய்தார்கள். நிர்வாகம் இறங்கி வந்தது.

சங்கத் தலைவி பொன்னி, சுதாகரின் வீட்டுக்கு வந்து சொன்னாள். "சம்பளம் ஏத்துறானுங்க. எல்லாரையும் திரும்ப எடுத்துக்கிறானுங்க. நாளிக்கு வேலைக்குப் போறோம்."

"முன்கேட்டு?" என்றான் சுதாகர்.

"அதுக்கு ஒத்துக்கல. அந்தப் பாட்டையும் பாடக்கூடாதாம்."

"அவ செத்ததே அதாலதாங்கா! நீங்க ரோட்டுல குந்துனது எதுக்கு?"

"எனக்குச் சொல்றியா? அவள மடில போட்டுகினு கெடந்தவ நானு. வூட்ல அடுப்பு எரியல, இன்னா பண்ண சொல்ற?"

"பாட்ட வித்துட்டீங்க, அவ்ளோதான்" என்றான் பக்கத்தில் இருந்த லோகு.

"நீ மூடு. பறையா அடிக்கிற, பக்கெட்டத் தட்ற மாரி கீது."

பொன்னி எழுந்தாள். வாசலில் நின்று திரும்பினாள். "சங்கம் பாடாதுன்னுதான் கையெழுத்துப் போட்டேன். நீ எங்க சங்கத்துல கீறியா?"

"இல்ல."

"அப்பறம் இன்னாத்துக்கு என்ன மொறைக்கிற?"

காலையில் சுதாகரும் லோகுவும் ஸ்பீக்கரோடு ஏறி வந்த லோடு ஆட்டோ முன்கேட்டுக்கு எதிரே நின்றது. பாட்டின் முதல் வரியிலேயே மேனேஜர் ஓடிவந்தார்.

"நிறுத்துய்யா! சங்கம் ஒத்துக்கிச்சே!"

"நான் சங்கம் இல்ல. செத்தவளோட புருஷன்" என்றான் சுதாகர்.

பின்கேட்டுக்குப் போய்க்கொண்டிருந்த சீருடைப் பெண்கள் நின்றார்கள். ஒருத்தியும் பாடவில்லை. பொன்னி டிபன் பாக்ஸ் மூடியைக் கழற்றி, பாட்டின் தாளத்துக்குத் தட்டினாள். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

மேனேஜர் அவளிடம் பாய்ந்தார். "பாட மாட்டோம்னு சொன்னியே?"

"யாரு சார் பாடுனா?" என்றாள், தட்டுவதை நிறுத்தாமல்.

கேட்டு திறக்கவில்லை. சுதாகர் ஒலியை இன்னும் கூட்டினான்.