ஜின்செங் பாத்திக்குக் கட்டிய கயிறு

மால்சுக்கின் வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு பாத்தி ஜின்செங் மருந்து வேர் இருந்தது. அவளே விதை போட்டு, அவளே நெருக்கமாய்ப் பின்னிய கறுப்பு வலைப் பந்தல் கட்டி, ஐந்தாவது வருஷத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். அவள் ஊரான கும்சானில் ஆறு வருஷ வேரைத்தான் வேர் என்பார்கள். அதற்கு முன்னால் தோண்டினால் பொறுமை கெட்டவள் என்று பெயர்.

நிலம் அவளுடையதல்ல. கணவனின் அண்ணன் தொக்மானுடையது. இறைச்சியைச் சுற்றித் தின்கிற பெரில்லா இலைக்கு நல்ல கிராக்கி இருந்ததால், அந்த இடத்தில் பிளாஸ்டிக் கூடாரம் போட்டு அதைப் பயிரிட வேண்டும் என்று அவருக்கு இரண்டு வருஷமாக ஆசை. இந்த வசந்தத்தில் அவர் பாத்தி ஓரத்தில் நின்று, மகள் பெயரைச் சொல்லி அவளை அழைத்து, ஒரு முடிவு சொன்னார்.

"சேரின் அம்மா, ஜூலையில கோழி சூப்பு வைக்கிற முதல் வெக்கை நாள் வரைக்கும் இலை நின்னுதுன்னா ஆறாவது வருஷமும் உங்களுக்குத்தான். அதுக்குள்ள கொட்டிடுச்சுன்னா நான் தோண்டிடுவேன். மொட்டைத் தண்டைப் பார்த்துக்கிட்டு ஒரு வருஷம் என்னால உக்கார முடியாது."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஜின்செங்கில் ஒரு தடவை இலை போனால் அந்த வருஷம் திரும்பத் துளிர்க்காது. வேர் பட்டினி கிடக்கும், மழைக்காலத்து மண்ணில் அழுகவும் ஆரம்பிக்கும். மால்சுக் தலையை ஆட்டினாள்.

மே மாதத்தில் பதினெட்டு நாள் மழையே இல்லை. மதியத்தில் இலைகள் தொங்குவதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. ரப்பர் குழாயை எடுத்துவந்து பந்தலுக்குள் நின்று இலைமேலேயே பீய்ச்சினாள். தாகத்தில் கிடப்பவன் முகத்தில் தண்ணீர் அடித்தால் தாகம் தீருமா? ஆனால் இலைகள் பளபளவென்று நிமிர்ந்த மாதிரி இருந்ததால் மறுநாளும் அடித்தாள், அதற்கு அடுத்த நாளும் அடித்தாள்.

ஜூன் கடைசியில் மழை இறங்கியது. கிழக்கு ஓரத்தில் பந்தல் கிழிந்து ஒழுகியது. இரண்டே நாளில் முதல் பாத்தியில் பழுப்புப் புள்ளிகள் வந்தன. புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம், நடுவில் வெந்த மாதிரி ஈரம். ஓர் இலையைப் பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறி வேளாண் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்த சின்னப் பெண் இலையைக் கண்ணாடி வைத்துப் பார்த்தாள்.

"இலைப்புள்ளி நோய்தான். வெயிலடிக்கிற நேரம் பார்த்து புள்ளி இலையெல்லாம் வெட்டி எரிச்சிடுங்க. தண்ணி மண்ணுக்குத்தான் போகணும், இலையில ஒரு சொட்டு படக்கூடாது. அப்புறம் முக்கியமா, இலை ஈரமா இருக்கிறப்ப யாரும் உள்ள நடக்கவே கூடாது. நோய் வந்த வேற வயல்லேர்ந்து வர்ற ஆளா இருந்தா வாசல்லயே நிறுத்திடுங்க. பூட்ஸ்லயும் கையிலயும் ஒட்டிக்கிட்டு வரும்."

வீடு திரும்பிய மால்சுக் ஒழுகல் இடத்துக்கு ஒட்டுப் போட்டாள். சாரல் அடிக்கும் பக்கம் வலையை இறக்கிக் கட்டினாள். துளை போட்ட குழாயைப் பாத்தியில் பரப்பிய வைக்கோலுக்கு அடியில் நீட்டிவிட்டாள். செய்ய வேண்டியதெல்லாம் செய்தாயிற்று என்று நினைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் தொக்மான் வந்தார். ஊருக்கு மேற்கே இருந்த தன் ஜின்செங் வயலிலிருந்து நேராக, சேறு அப்பிய பூட்ஸோடு. பாத்திகளுக்கு நடுவே நடந்து, நின்று நின்று, ஈர இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"இங்க ஒண்ணு, இங்க ரெண்டு" என்று எண்ணிவிட்டு, "என் வயல்லயும் மேக்குப் பக்கம் வந்திருக்கு. இந்த வருஷம் ஊருக்கே போறாத காலம்" என்றார்.

தினமும் வந்தார். நான்காம் நாள் மூன்றாவது பாத்தியில், அவருடைய பூட்ஸ் தடம் பதிந்திருந்த இடத்துக்கு எதிரிலேயே, ஐந்து செடிகளில் புள்ளி விழுந்தது. மால்சுக் அந்தத் தடத்தையும் இலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கணவனின் அண்ணனைப் பார்த்து வராதீர்கள் என்று சொல்ல அந்த ஊரில் எந்தத் தம்பி பெண்டாட்டிக்கும் வாய் வந்ததில்லை. சிமென்ட் லாரி ஓட்டும் கணவனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணன்கிட்ட நானா? என்னை விடு தாயே. எட்டு வயசுல அவர் செருப்பைப் போட்டுக்கிட்டு ஓடினதுக்கே இன்னும் திட்டு வாங்கறேன். நீயே பேசிக்கோ."

அவள் போனை வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனாள். பாத்திக்குப் போட்டது போக மிச்சமிருந்த வைக்கோலை எடுத்து, இடம்புரியாக முறுக்கிக் கயிறு திரித்தாள். இடையிடையே அடுப்புக்கரித் துண்டும் பைன் கொத்தும் செருகி வாசல் கதவுக்குக் குறுக்கே கட்டினாள். அந்தக் கயிறு கட்டிய வீட்டுக்குள் இருபத்தொரு நாள் வெளியாள் கால் வைக்கமாட்டார். மந்திரியே வந்தாலும் வெளியே நின்று பேசிவிட்டுப் போக வேண்டியதுதான். தொக்மான் இதிலெல்லாம் ஊரிலேயே கறாரானவர்.

முதல் நாள் அவர் வந்தார். கயிற்றைப் பார்த்தார். வந்த வழியே திரும்பிப் போனார்.

மால்சுக் நிம்மதியாக மூச்சு விட்டாள். அது ஒரு நாள்தான் நீடித்தது. மூஜூ ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அடுத்த வீட்டு மூஜூக்காரி முட்டைத் தட்டோடு வந்து கயிற்றுக்கு வெளியே நின்றாள்.

"ஏன்டி சேரின் அம்மா, ஊரு என்கிட்ட கேக்குது, நான் உன்கிட்ட கேக்கறேன். பொண்ணாமே?"

"என்ன பொண்ணு?"

"கரியும் பைன் கொத்தும் தொங்குது, மிளகாயைக் காணோம். புள்ளை பொறந்தா கட்டற கயித்தைப் படிக்கத் தெரியாதவளா நான்? ஆம்பளப் புள்ளைன்னா மிளகாய் இருக்கும்."

"ஐயோ அக்கா, காய்ஞ்ச மிளகாய் தீந்துபோச்சு!"

"மிளகாய் தீந்துபோச்சுன்னா, அப்ப உன் மக பெத்தது பையனா?"

"சேரின் பெறவே இல்லக்கா. அவ தேஜான்ல கண்ணாடிக் கடையில வேலைக்கு நின்னுக்கிட்டிருக்கா. இது ஜின்செங்குக்குக் கட்டினது."

மூஜூக்காரி முட்டைத் தட்டைக் கயிற்றுக்கு மேலே நீட்டினாள். "கல்யாணம் ஆகலைன்னு மறைக்கிற, புரியுது. இந்தக் காலத்துல இதெல்லாம் யாரு பாக்கறா? ஜின்செங்குக்காம்! எதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

அன்று சாயங்காலமே தொக்மான் நீளமான கடல்பாசிக் கட்டோடு வந்தார். பிள்ளை பெற்றவளுக்குச் சூப்பு வைக்கத் தருவது. ஒடித்துவிடாமல் இரண்டு கையாலும் ஏந்திவந்து கயிற்றுக்கு மேலே கொடுத்தார். முகத்தைப் பார்க்காமல், "தாயும் புள்ளையும் நல்லா இருந்தா சரி. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

மூஜூக்காரியிடம் சொன்ன உண்மையை இவரிடம் சொல்ல முடியாது. ஜின்செங்குக்கு என்று சொன்னால், யாருக்கு எதிராக என்று அடுத்து கேட்பார். மால்சுக் பாசியை வாங்கிக்கொண்டு குனிந்து வணங்கினாள். 

ஆனால் பாத்தி தேறியது. வெயில் வந்து இலை காய்ந்த பிறகே உள்ளே போனாள். புள்ளி இலைகளை வெட்டிப் பையில் கட்டி எரித்தாள். மழை விட்ட நாளில் இரண்டு தடவை தாமிரச் சுண்ணாம்புக் கரைசல் தெளித்தாள். முதல் இரண்டு பாத்தியைக் காப்பாற்ற முடியவில்லை. மூன்றாவது பாத்தி பாதியோடு நின்றது. நான்காவதிலிருந்து புதிதாக ஒரு புள்ளிகூட விழவில்லை.

கயிறு கட்டிய ஒன்பதாம் நாள் சேரின் போன் செய்தாள்.

"அம்மா, எனக்குக் குழந்தை பொறந்திருக்காமே? என்கூடப் படிச்சவ வாழ்த்து அனுப்பியிருக்கா. பேரு வச்சாச்சா?"

"அது வந்து..."

"கடையில எல்லாரும் என் வயித்தையே பாக்கறாங்கம்மா. எங்க மேனேஜர் என்னை நாற்காலியில உக்காரச் சொல்றாரு!"

மால்சுக் முழுக் கதையையும் சொன்னாள். சேரின் முதலில் கத்தினாள், பிறகு சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "இன்னைக்கே பெரியப்பாகிட்ட சொல்லிடு. இல்லேன்னா ஞாயித்துக்கிழமை நானே வந்து தெருவுல ஒரு சுத்து நடப்பேன்" என்றாள்.

மால்சுக் மேற்கு வயலுக்கு நடந்தாள். உள்ளே இறங்காமல் ரோட்டிலேயே நின்றாள். மேற்குப் பக்கத்து ஏழு வரிசை முழுக்க மொட்டைத் தண்டாக நின்றது. தொக்மான் குந்தி உட்கார்ந்து கொட்டிய இலைகளைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார்.

"அத்தான், குழந்தை இல்லைங்க."

அவர் திடுக்கிட்டு எழுந்தார். "என்னாச்சு புள்ளைக்கு?"

"ஒண்ணும் ஆகலை. பொறக்கவே இல்லைங்க. கயித்தை ஜின்செங்குக்குத்தான் கட்டினேன்." நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்று தெரிந்து, ஒரே மூச்சில் சொன்னாள். "உங்க பூட்ஸோட இங்கேர்ந்து நோய் அங்க வந்துச்சு. நீங்க நின்ன இடத்துலதான் புள்ளி விழுந்துச்சு. வராதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அதான் கயிறு கட்டினேன்."

தொக்மான் கூடையைக் கீழே வைத்தார். 

"முதல் பாத்தியில எப்படி வந்துச்சு? அங்க நான் வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சே."

மால்சுக் ரோட்டோரத்தில் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"மே மாசத்துல நட்ட நடு மதியத்துல தலைக்கு மேல தண்ணி பீச்சினீங்க. ரோட்டுலேர்ந்து பார்த்துக்கிட்டுத்தான் போனேன். தம்பி பொண்டாட்டியைக் கூப்பிட்டு எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன். அதான் மழை பிடிச்சதும் தினமும் வந்து இலையைப் பார்த்தேன். உங்க பாத்தியைக் கெடுக்கவா வந்தேன்?"

"இல்லைங்க."

"அன்னைக்கே வாயைத் திறந்திருக்கணும்." யாருடைய வாய் என்று அவர் சொல்லவில்லை. தன் பூட்ஸில் அப்பியிருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டினார்.

"அப்ப நான் போய் கயித்தை அவுத்துடறேங்க" என்றாள் மால்சுக்.

"அவுக்கறதா?" அவர் குரல் உயர்ந்தது. "கட்டின கயித்தை நாளுக்கு முன்னாடி அவுக்கறது எந்த வீட்டுப் பழக்கம்? எதுக்குக் கட்டினா என்ன, இருபத்தொண்ணுன்னா இருபத்தொண்ணு. மூஜூக்காரிகிட்ட நான் சொல்லிக்கறேன். நம்பமாட்டா, ஆனா சொல்றேன்."

கயிறு இருபத்தொரு நாளும் இருந்தது. அது இறங்கிய மறுநாள் முதல் வெக்கை நாள். காலை வெயில் ஏறியபின் தொக்மான் வந்தார். காலில் புது வெள்ளை ரப்பர் செருப்பு. கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, ஓர் இலையையும் தொடாமல், பன்னிரண்டு பாத்தியையும் சுற்றி வந்தார். நிற்கிற செடிகளின் உச்சியில் சிவப்புக் காய்கள் கொத்தாகத் திரண்டிருந்தன.

"ரெண்டு பாத்தி கொட்டியிருக்கு."

"ஆமாங்க."

"கொட்டினா தோண்டுவேன்னு சொன்னேன்."

"சொன்னீங்க."

அவர் கொட்டகையிலிருந்து மண் தோண்டுகிற பெரிய முள்கரண்டியை எடுத்துவந்து முதல் பாத்தியில் இறக்கினார். மால்சுக் தடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வேர்களை எடுத்து மண் உதறி அடுக்கினாள். சிலவற்றின் நுனி மெத்தென்று ஆகியிருந்தது, மற்றவை கெட்டி. இரண்டாவது பாத்தியும் முடிந்தது. மூன்றாவதின் முன்னால் அவர் கரண்டியோடு நின்றார்.

"இதுல பாதிதான் இருக்கு."

"பாதி இலைக்கும் வேர் பருக்கும் அத்தான்."

அவர் கரண்டியைப் பந்தல் காலில் சாத்தினார். "பெரில்லாக் கூடாரத்தை என் மேக்கு வயல்லயே போட்டுக்கறேன். ஏழு வரிசை போச்சு. அந்த மண்ணுல இனி பத்து வருஷத்துக்கு ஜின்செங் வைக்க முடியாது. சும்மா கிடந்து என்ன பண்ணப்போகுது?"

மால்சுக் கையிலிருந்த வேரைக் கீழே வைக்க மறந்து நின்றாள்.

அவர் போகவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்த வயல்லயே கெழக்குப் பக்கம் எனக்கு இன்னும் நாலு வரிசை நிக்குது. நீங்க எத்தனை மணிக்குத் தண்ணி விடறீங்க?"

"மணி கணக்கு இல்லைங்க. வைக்கோலுக்கு அடியில மண்ணை எடுத்துப் பிடிச்சுப் பாக்கறேன். உருண்டை நின்னா விடறதில்லை. பொலபொலன்னு உதிர்ந்தா காலையில விடறேன்."

தொக்மான் குனிந்து மூன்றாவது பாத்தியின் வைக்கோலை விலக்கி ஒரு பிடி மண்ணை எடுத்தார். இறுக்கிப் பிடித்துக் கையை விரித்தார். உருண்டை உடையாமல் இருந்தது. அவள் பக்கம் நீட்டினார்.

"இன்னைக்கு வேண்டாம்?"

"வேண்டாங்க."