கரண்டு கொடுத்த வீடு

என் புருஷன் பாஸ்கலுக்கு மூளை இருக்கவேண்டிய இடத்தில் ஆம்ப்ளிபயர் இருக்கிறது. கோபத்தில் சொல்லவில்லை, ராயபுரத்தில் எங்கள் தெருவே சொல்லும். மைக் செட் வாடகைக்கு விடுவதுதான் எங்கள் பிழைப்பு. அந்த வால்வு ஆம்ப்ளிபயரை என் பிள்ளைகள்கூடத் தொடக் கூடாது.

போன வருஷம் மாதா தேர்த் திருவிழாவில் அதுதான் எங்கள் மானத்தை வாங்கியது. சீரியல் பல்புகள் எரிந்ததும் குழாய் ஸ்பீக்கரில் சாமியாரின் குரல் கம்மிப் போய்விட்டது. இந்த வருஷமும் அப்படியானால் வேறு செட்டு வைத்துக்கொள்வோம் என்று கமிட்டி சொல்லிவிட்டது. மாதா தேரிலேயே மானம் போனவனை எவன் தன் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவான்?

பழி கேபிள் மேல் விழுந்தது. நூல் சுற்றிய ஒயர், ரப்பர் ஒயர் எல்லாம் மாற்றிப் பார்த்தார். கடைசியில் ஹார்பர் பக்கம் பழைய கப்பல் சாமான் விற்கிற இடத்திலிருந்து கட்டைவிரல் பருமனில் ஒரு சுருள் தூக்கி வந்தார்.

"இத்தப் பாரு ஐரீனு. கரண்டு தடையில்லாம ஓடும்."

"கேபிளு குண்டா இருந்து இன்னா புண்ணியம்? சட்டில இருந்தாத்தானே அகப்பைல வரும்?"

அவருக்கும் தெரியும். தேர் நிற்கிற முனையில் சிலுவையக்கா வீட்டிலிருந்துதான் எப்போதும் கரண்டு எடுப்பார். அந்த வீட்டு ஒயரிங் அவள் மாமனார் காலத்தது. கொஞ்சம் தள்ளி ராசையாவின் ஐஸ் பேக்டரி இருக்கிறது. அங்கே பெரிய லைன்.

"அக்காகிட்ட போயி ஒன் கரண்டு வாணாம்னு எப்டி சொல்றது?" என்றார். "அதுக்குத் திருவிழாவே அந்த ஒயருதான்."

சிலுவையக்காவின் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அதிலிருந்து அவளை எந்த நல்ல காரியத்திலும் முன்னால் நிற்க விடுவதில்லை. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக நாங்கள் பட்டினி கிடக்க முடியுமா?

திருவிழாவன்று சாயங்காலம், தேர் கிளம்புமுன் கப்பல் கேபிளை அவள் வீட்டில் மாட்டிப் பார்த்தார். பல்புகள் எரிந்தன, குரல் மறுபடியும் கம்மியது. போதுமடா சாமி, நானே சொல்லிவிடுகிறேன் என்று அவள் வீட்டுக்குள் போனேன்.

உள்ளே விளக்கில்லை, ஃபேனில்லை. புதுப் புடவை வேர்வையில் ஒட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க்கா இருட்டுல கீற?"

"அல்லாத்தையும் நிறுத்திட்டா பாஸ்கலுக்குக் கொஞ்சம் சேத்துப் போவும்ல? போன வருசமும் இப்டித்தான் குந்திகினு இருந்தேன். என் வூட்டு ஒயரு பத்தலன்னு எனக்குத் தெரியாதா? ஐஸ் பேக்டரில எடுத்துக்கோனு சொல்லணும்னுதான் நெனச்சேன். ஆனா அவுரு போனப்பறம், 'கரண்டு குடுக்கா'ன்னு திருவிழாவுக்கு என்னைத் தேடி வந்தவன் அவன் ஒருத்தன்தான். அவன் மனசு நோவக் கூடாதேன்னு..."

அட கடவுளே! ஒருத்தர் மனசை ஒருத்தர் காப்பாற்றப் போய் நடுவில் என் குடும்பத்தையல்லவா கவிழ்க்கப் பார்த்தார்கள்! திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

அவளே பிளக்கைப் பிடுங்கி, வெளியே வந்து பாஸ்கலிடம் நீட்டினாள். "எடுத்துகினு போ நைனா. மாதா பேரு கடல் வரைக்கும் கேக்கணும்."

பாஸ்கல் பிளக்கை வாங்கிக் கேபிளைச் சுருட்டினார். பிறகு, "எங்க தொழில்ல ஒரு வழக்கம் கீதுக்கா" என்றார். "மொத மொத கரண்டு குடுத்தவங்கதான் எப்பவும் சுச்சு போடணும். லைனு எங்க மாத்துனாலும் சரி."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படி ஒரு வழக்கத்தை நான் கேட்டதே இல்லை. வாயை மூடிக்கொண்டேன்.

"நல்ல நாளும் அதுவுமா, ராசையா ஒத்துக்குவானா?" வெறும் கழுத்தைத் தொட்டுக்கொண்டாள்.

"ஒத்துக்காட்டி நான் கீறன்ல!" கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

ஐஸ் பேக்டரி வாசலில் ராசையா என்னவோ சொல்ல வந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டான். கப்பல் கேபிள் அதுவரைக்கும் தாராளமாக எட்டியது. சிலுவையக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு சுவிட்சைத் தட்டினாள். பல்புகள் பளிச்சென்று எரிந்தன. சாமியார் ஜெபம் தொடங்கினார். குரல் இம்மியும் குறையவில்லை.

தேர் கிளம்பிவிட்டது, வாக்கா பார்க்கலாம் என்று கூப்பிட்டேன். அவள் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவேயில்லை.