ஓரத்தில் ஒரு தலைகீழ் இலை

“வெளிச்சம் மூஞ்சி முழுக்க விழுதா கண்ணு, இல்ல மூக்குல மட்டும் விழுதா?” என்று நாத்தனார் கேட்டார். அவருடைய மூக்கு எடுப்பானது. அதை வைத்துக்கொண்டே தொலைக்காட்சியில் பல வருடம் பிழைத்தவர். ஊர்ச் சங்கதிக்கெல்லாம் காது கொடுக்கும் பக்கத்து வீட்டு வம்புக்காரியாக அவர் நடித்த தொடர் சக்கைப்போடு போட்டது. இன்றைக்கும் மருந்துக்கடைக்குப் போனால் அவரை வம்பக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். இப்போது கூடத்து ஜன்னல் ஒரு பக்கமாக இருக்கும்படி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே தம்பி மனைவியின் தையல் மெஷின் மேல், நூல்கண்டுகள் முட்டுக்கொடுக்க, கைபேசி நின்றது. தான் நடித்த புதுப் படத்தைப் பார்த்தவர்களுக்கு நன்றி சொல்லி ஒரு வீடியோ போடப் போகிறாராம்.

தம்பி மனைவி எழுந்து போய்த் திரைச்சீலையை முக்கால்வாசி இழுத்துவிட்டாள். பச்சை இலை போட்ட துணி. அவள் வேலை செய்கிற கடையில் திரைச்சீலை தைப்பதுதான் அவள் தொழில். இரண்டு துணியை ஒட்டும்போது இலையோடு இலை சேர வேண்டும், தையல் எங்கே என்று தெரியக்கூடாது. அந்த விஷயத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் இது கடையில் மிஞ்சிய துண்டுகளை ஒட்டித் தைத்தது. இடது பக்கக் கீழ் ஓரத்தில் ஒரு துண்டு தலைகீழாக விழுந்துவிட்டது. மற்ற இலைகள் எல்லாம் மேலே பார்க்க, அங்கே ஒரே ஒரு இலை மட்டும் தரையைப் பார்த்துத் தொங்கியது. நம் வீடுதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று அப்படியே விட்டிருந்தாள்.

“இப்ப ச... ச...”

“சரியா இருக்கா. அதான் கேட்டேன்” என்றார் நாத்தனார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம். இவளுக்கு வார்த்தை தொண்டையில் சிக்கும். நாத்தனார் அதைப் பிடுங்கி முடித்துவைப்பார். உதவியாகத்தான் செய்கிறார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் எரிச்சல் வரும்.

நாத்தனார் இங்கே தங்க வந்து ஒரு வாரம் ஆகிறது. படம் வெளியான அன்றிலிருந்தே திட்டு. முதலில் கைபேசியில் திட்டினார்கள். பிறகு ஒரு காலையில் அவர் வீட்டுக் கதவைத் திறந்தால் வாசலில் சாம்பல். கதவிலும் கைப்பிடியிலும் பூசியிருந்தார்கள். “பாத்திரம் விளக்கறதுக்கு ஆச்சு போ” என்று நாத்தனார் சிரித்தாராம். மறுநாள் படுக்கையறை ஜன்னலுக்குள்ளேயே ஒரு சாம்பல் பொட்டலம் வந்து விழுந்தது. அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. போலீசில் எழுதி வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். தம்பி போய் ஒரு பெட்டியோடு அழைத்துவந்துவிட்டான்.

சாம்பல் ஏன் என்று விளக்க வேண்டியதில்லை, படத்தின் பெயரே ‘சாம்பல்காரி’. பல வருடங்களாகப் படக்கதைப் புத்தகமாக வந்து, பலபேரைப் பைத்தியமாக அடித்த கதை. ஓர் ஆலையில் தீப்பிடிக்கிறது. அதில் வெந்து பிழைத்த ஒருத்தி சாம்பல் நிற முகமூடி போட்டுக்கொண்டு ஊரைக் காக்கிறாள். தீ வைத்தது அவளோடு ஒரே தட்டில் சாப்பிட்ட தோழி. அன்றிலிருந்து சாம்பல்காரி வாய் திறப்பதில்லை. எத்தனையோ புத்தகம் வந்தும் ஒரு வார்த்தை பேசியதில்லை. முகமூடியில் இடது கண்ணின் ஓட்டை மட்டும் சுருங்கியிருக்கும்.

பள்ளிக்கூடத்தில் பெயர் சொல்லச் சொன்னால்கூட முதல் எழுத்திலேயே நின்றுபோகிற ஒரு பெண்ணுக்கு, பேசாமலே ஊரை நடுங்கவைக்கிற ஒருத்தி கிடைத்தால் விடுவாளா? இவள் விடவில்லை. வாங்கிய ஒவ்வொரு புத்தகத்தையும் சேர்த்தாள். பெரியவளான பிறகு ‘ஓரக்கண்’ என்ற பெயரில் ஒரு பக்கம் தொடங்கி எழுதினாள். எழுதும்போது வார்த்தை சிக்குவதில்லை, அருவி மாதிரி கொட்டியது. நடுவில் இருப்பதை எல்லாரும் பார்ப்பார்கள், ஓரத்தைப் பாருங்கள் என்பதுதான் அவள் பாடம். எந்தப் படத்தின் மூலையில் எந்த நிழல் ஒளிந்திருக்கிறது, எந்தக் கதவு எந்தப் புத்தகத்தில் திரும்ப வருகிறது என்றெல்லாம் காட்டிக்கொடுத்தாள். படிக்கிறவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடப் பழகினார்கள். ஆயிரக்கணக்கான பேர். வீட்டில் யாருக்கும் தெரியாது. கணவனுக்கும் தெரியாது. சாப்பாட்டு மேஜையில் அவள் வாய் திறப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடும். அந்தப் பக்கத்திலோ, அவள் ஒரு வரி எழுதினால் அது ஊரெல்லாம் சுற்றிவரும்.

அப்படிப்பட்ட சாம்பல்காரியாக நடிக்க வம்பக்காவைப் பிடித்தார்கள். சரி, நடிப்பு தெரிந்தவர், பார்ப்போம் என்றுதான் முதல் காட்சிக்குப் போனாள். படம் தொடங்கியதும் சாம்பல்காரி பேசினாள். பேசிக்கொண்டே இருந்தாள். அடிக்கும்போது ஒரு ஜோக், அடிவாங்கும்போது ஒரு ஜோக். தீ வைத்த தோழியைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டு. நாத்தனாரின் அழகான கண்கள் வீணாகக்கூடாது என்று முகமூடியின் இரண்டு ஓட்டைகளையும் ஒரே அளவாக வெட்டியிருந்தார்கள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தன் வீட்டில் தன்னை யாரும் பேசவிடாதது போதாதென்று, பேசாமல் இருந்தவளையும் பிடுங்கிக்கொண்டார்கள் என்று தோன்றியது. அன்று சாயங்காலமே உட்கார்ந்து எழுதினாள். சரியான முகமூடி எது என்று தையல்காரிக்கே உரிய கணக்கோடு ஒரு வெட்டுப்படம் வரைந்து சேர்த்தாள். கடைசியில் எழுதினாள்: ‘யாராவது அந்த வாயை மூடுங்கள்.’

கோபத்தில் எழுதிய வரி. அதைத்தான் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். சாம்பல் பொட்டலத்தின் மேல் எழுதியிருந்ததும் அதே வரிதான். பொட்டலத்தைக் கணவன் கொண்டுவந்து மேஜையில் வைத்தபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை.

நாத்தனார் வீடியோவைப் போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துக்கொண்டு மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உதட்டுச் சாயத்தைத் துடைத்தார். சாயம் போனதும் முகம் சட்டென்று களைத்துப்போயிற்று.

“ஒண்ணு கேக்கணும்னு நெனச்சுட்டே இருக்கேன். நீ படத்தப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலியே.”

“நல்லா இருந்துது அண்ணி.”

“பொய் சொல்லாத. நீ அந்தப் புத்தகத்தையெல்லாம் கரைச்சுக் குடிச்சவ.” அலமாரியைக் கண்ணால் காட்டினார். “அதுலேர்ந்து எடுத்துதான் நான் படிச்சேன். நீ கடைக்குப் போயிருக்கும்போது வந்து உக்காந்து முழுசும் படிச்சேன். படிச்சுட்டு டைரக்டர்கிட்ட போய், இவ பேச மாட்டா, நானும் பேசாமலே நடிக்கிறேன்னேன். வம்பக்கா பேசலன்னா யாரு டிக்கெட் வாங்குவான்னு கேட்டான். ஒரே ஒரு காட்சி, பேசாம, கண்ணால மட்டும் நடிச்சேன். வெட்டிட்டாங்க.” கொஞ்சம் நிறுத்தினார். “உனக்குப் பிடிக்குமேன்னு நெனச்சுதான் ஒத்துக்கிட்டேன். நம்ம வீட்டுல நீ வாயத் தொறந்து பேசறதே அந்தச் சாம்பல்காரியப் பத்தி மட்டும்தான். அந்த ஓரக்கண்ணு எவனோ தெரியல. அவன் எழுதினதுல பாதி எனக்கே சரின்னு பட்டுச்சு. அதுதான் வலிக்குது.”

அவள் மெஷின் மேலிருந்த நூல்கண்டுகளை எடுத்து அடுக்கினாள். இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சொன்னால் இந்தக் குடும்பத்தில் தனக்கென்று இருக்கிற ஓர் ஓரமும் போய்விடும் என்றும் நினைத்தாள். அதற்குள் நாத்தனார் குளிக்கப் போய்விட்டார். அவள் கைபேசி அதிர்ந்தது.

ஓரக்கண் பக்கத்தில் யாரோ இரண்டு படத்தை அடுத்தடுத்து ஒட்டியிருந்தார்கள். ஒன்று, இப்போது போட்ட வீடியோவின் கீழ் மூலை. இன்னொன்று, இரண்டு மாதத்துக்கு முன் அவளே போட்ட படம்: ஜன்னல் திண்டில் அடுக்கிய புத்தகங்கள், பக்கத்தில் கொஞ்சம் திரைச்சீலை. இரண்டிலும் தலைகீழ் இலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

‘ஓரத்தப் பாருங்கன்னு நீங்கதான சொன்னீங்க. பாத்துட்டேன்.’

அவசரமாகப் பழைய படத்தை அழித்தாள். அழித்த மறு நிமிடம் அதற்கும் பதில் வந்தது. ‘படத்த எடுத்துட்டாங்க. அப்ப சரிதான்.’ ஒருவர் எழுதினார்: ‘அந்தம்மா ஓரக்கண் வீட்டுலதான் இருக்காங்க. புடிச்சு வெச்சிருக்காங்க.’ இன்னொருவர்: ‘ஜன்னலுக்கு வெளிய ஏணி வெச்ச நீலத் தண்ணித் தொட்டி தெரியுது. அது எங்க தெருவுக்கு அடுத்த தெரு.’ அதன் கீழே வரிசையாக வந்துகொண்டே இருந்தது. ‘விட்டுடாதீங்க ஓரக்கண். வர்றோம்.’

அவள் எழுதினாள்: ‘தவறாக நினைக்கிறீர்கள். யாரும் வர வேண்டாம்.’ உடனே ஒருவன் விளக்கம் கொடுத்தான். ‘ஓரக்கண் என்னைக்காவது நேரா எழுதியிருக்காங்களா? பக்கத்துல அந்தம்மா இருக்காங்க, அதான் இப்படி எழுதுறாங்க. வரச் சொல்றாங்கன்னு அர்த்தம்.’ அவன் சொன்னதை ஆயிரம் பேர் ஆமோதித்தார்கள். இப்படித் துருவிப் படிக்கக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான்.

கணவனை அழைத்தாள். லிஃப்ட் பழுது பார்க்கிறவன், குழிக்குள் இறங்கிவிட்டால் கைபேசி எடுக்காது. போலீசைக் கூப்பிடலாம். வீடு அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். எண்ணைப் போட்டாள், அழைக்காமல் வைத்தாள். தன்னைப் போல ஒரு கோழை உண்டா என்று அவளுக்கே வெறுப்பாக இருந்தது. திரைச்சீலையின் ஓரத்தை விலக்கிக் கீழே பார்த்தாள்.

வெயிலில் தெரு காலியாகக் கிடந்தது. மருந்துக்கடை வாசலில் மட்டும் ஒருவன் நின்றான். முகத்தில் காகித முகமூடி. சாம்பல் நிறம். அவள் கண்ணெதிரே இன்னொருத்தி வந்து சேர்ந்தாள். ஒரு வண்டியிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். யாரும் கத்தவில்லை, ஒருவரோடு ஒருவர் பேசக்கூட இல்லை. சாம்பல்காரி பேசமாட்டாள் அல்லவா. எல்லாருடைய முகமூடியிலும் இடது கண் சரியாகச் சுருங்கியிருந்தது. அவள் வரைந்த அளவு, ஒரு நூல் பிசகவில்லை. தன் வேலை இவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறதே என்று ஒரு கணம் தோன்றியது. ஒருவன் தலையை நிமிர்த்தி மாடி மாடியாக ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு வந்தான். இலையைத் தேடுகிறான்.

“யாரு கீழ?” நாத்தனார் தலையில் துண்டோடு வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. “பாத்தியா கண்ணு. நம்ம முகமூடி. திட்டுறவன் நாலு பேரு இருந்தா தேடி வர்றவன் பத்துப் பேரு இருக்கான்.”

“அண்ணி, வே... வே...”

“வேற புடவை கட்டிக்கணும், தெரியுது. இப்படியேவா போய் நிப்பேன்.” உள்ளே ஓடினார். கண்ணாடி முன் நின்று மை தீட்டுவது கேட்டது. தீட்டும்போது முணுமுணுப்பாகப் பாடுவது அவர் பழக்கம். அவள் மறுபடி வெளியே பார்த்தாள். ஒருவன் கையில் சின்னச் சின்னப் பொட்டலங்கள் இருந்தன. இன்னொருவன் அகலமான ஒட்டு நாடாச் சுருளைப் பிரித்து, நுனியைக் கண்டுபிடித்து, மடித்து வைத்தான். எதற்கு என்று அவளுக்குப் புரிந்தது. அவள் எழுதிய வரிதான்.

எல்லாருமாகத் தெருவைக் கடந்து, கீழே வாசலுக்குள் நுழைந்து மறைந்தார்கள்.

கீழே லிஃப்ட் கிளம்பியது. ஊர் லிஃப்டையெல்லாம் சரிபண்ணுகிறவன் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் முனகிக்கொண்டுதான் ஏறும். முதல் மாடியில் நின்றது. கதவு திறந்தது, மூடியது. மறுபடி முனகல். ஒவ்வொரு மாடியிலும் இறங்கிப் பார்க்கிறார்கள்.

நாத்தனார் பளிச்சென்று வெளியே வந்தார். நேராக வாசலுக்குப் போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தார். அவள் ஓடிப்போய்க் கதவில் முதுகை அழுத்திக்கொண்டு நின்றாள்.

“தெறக்காதீங்க. அவங்க உங்களக் கொ... கொண்டாட வரல.”

“பின்ன எதுக்கு வர்றாங்க?”

“ஓ... ஓர...”

“ஓரக்கண்ணா? அவனும் வந்திருக்கானா?”

“அவன் இல்ல அண்ணி” என்றாள். ஒரு எழுத்துகூடச் சிக்கவில்லை. “நான்.”

நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வார்த்தை வரவில்லை. இந்தத் தடவை முடித்துவைக்க ஆள் இல்லை. அவர் பார்வை அலமாரிக்குப் போயிற்று, அங்கிருந்து மெஷினுக்கு, அவள் கையில் அதிர்ந்துகொண்டே இருந்த கைபேசிக்கு. பிறகு மெதுவாக ஜன்னல் பக்கம் நடந்து, திரைச்சீலையின் கீழ் மூலையைத் தூக்கிப் பார்த்தார். தரை பார்த்த இலையைக் கட்டைவிரலால் ஒரு தடவை நீவினார். அவள் போலீஸ் எண்ணைப் போட்டுக் காதில் வைத்தாள். மணி போய்க்கொண்டிருந்தது.

லிஃப்ட் இவர்கள் மாடியில் வந்து நின்றது.

நாத்தனார் திரும்பினார். திரைச்சீலையின் ஓரம் இன்னும் அவர் கையில் இருந்தது. புதிதாகத் தீட்டிய மை கலங்கி, இடது கண் மெல்லச் சுருங்கியது. வாய் இறுக மூடியிருந்தது. அவளை மட்டும் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல், அவர் அப்படியே நின்றார்.