கேனில் வந்த ஆயில்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு பேர் இருந்தார்கள். ஜன்னலோர நாற்காலியில், வெளியே நிற்கும் தன் வண்டியைப் பார்த்தபடி மாப்பிள்ளை. அவருக்கு எதிரே, இரண்டு முறை கை கழுவியும் நகக்கண்ணில் கறுப்பு போகாத மெக்கானிக். அடுப்படிக்கு எழுந்து போக வசதியாக, வாசலை ஒட்டிய ஸ்டூலில் மாப்பிள்ளையின் மனைவி தங்கச்சி. மேசையின் தலைப்பக்கம், யாரும் உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்திருந்தவர் தங்கச்சியின் அண்ணன். தண்ணீர் வாரியத்தில் கடிதப் பிரிவு எழுத்தர். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று புகார் எழுதுகிறவர்களுக்கு, அதற்கு யாருமே காரணமில்லை என்று தோன்றும்படி பதில் எழுதுவது அவர் வேலை. அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

பேச்சு வண்டியைப் பற்றி. மாப்பிள்ளையின் பிழைப்பே அந்த பிக்கப் லாரிதான். ஏரித்துறையில் பழுதாகிக் கிடக்கும் படகுகளைக் கட்டி இழுத்துக்கொண்டு, செங்குத்தான மேட்டுச் சாலையில் ஏறிப் படகுப் பட்டறையில் கொண்டு சேர்ப்பார். ஏற்றத்தில் வண்டி திணறுகிறது என்று எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்து, காற்றை அமுக்கி உள்ளே திணிக்கும் சூப்பர்சார்ஜரையும் மாட்டியிருந்தார். வேலை முழுவதும் இந்த மெக்கானிக் செய்தது. அதுவரை டயரும் பிரேக்கும் பார்த்துக்கொண்டிருந்தவனை நம்பி கராஜ் முதலாளி தனியாக ஒப்படைத்த முதல் எஞ்சின். இது நன்றாக ஓடினால் அடுத்ததும் அவன் கைக்கு வரும். இல்லாவிட்டால் பழையபடி டயர்தான்.

எழுத்தருக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள் மட்டும் உண்டு. ஆனாலும் சில வாரங்களாக அவர் படித்ததும் வீடியோ பார்த்ததும் சூப்பர்சார்ஜர் தவிர வேறில்லை.

"மாப்பிள்ளை, எஞ்சின் மூச்சு விடும். அந்த மூச்சுல ஆயில் ஆவியா கலந்திருக்கும். அதை ஒரு ஹோஸ் வழியா எஞ்சினே திரும்ப உறிஞ்சிக்குது. சாதா வண்டின்னா பரவாயில்ல. உங்களுது அமுக்கித் தள்ற வண்டி. உள்ள போற வழியெல்லாம் பிசுக்கு பிடிச்சுடும். நடுவுல ஒரு கேட்ச் கேன் வெச்சா ஆயில் அதுல நின்னுடும், காத்து மட்டும் உள்ள போகும்."

மாப்பிள்ளை மெக்கானிக்கைப் பார்த்தார். "நீ என்னப்பா சொல்றே?"

"போட்டா கெடுதல் இல்லண்ணே. ஆனா இப்ப அவசியமும் இல்ல. உள்ள பிஸ்டன் ரிங் எல்லாம் புதுசு, ஆயிலை மேல விடாது. ஒரு வருஷம் ஓட்டிட்டு யோசிக்கலாம்."

"ஒரு வருஷம் கழிச்சுப் பிரிச்சுப் பார்த்து அழறதுக்கா?" என்றார் எழுத்தர்.

"சார் வெயில்லயே குடையை விரிக்கச் சொல்றாரு."

"நனைஞ்சப்புறம் குடை வாங்கப் போறவனுக்கு ஊர்ல என்ன பேரு தெரியுமா?"

"முதல்ல உங்க சைக்கிளுக்கு ஒண்ணு மாட்டுங்கண்ணே," என்றாள் தங்கச்சி. "செயின்ல சொட்டுற எண்ணெய் பூரா என் வாசல்லதான் கிடக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். எழுத்தரும் சிரித்தார். ஆனால் அவர் சிரிப்பு மற்றவர்களுடையதற்குச் சற்று முன்னதாகவே நின்றுவிட்டது. "மூணே வாரம். மாட்டிப் பாருங்க. கேன்ல ஆயில் நிக்கலைன்னா என் மீசையை எடுத்துடறேன்."

"நிறைய நின்னா?" என்று மாப்பிள்ளை சும்மா கேட்டு வைத்தார்.

"நிறைய நின்னா ரிங் போச்சுன்னு அர்த்தம். அதுவும் தெரிஞ்சுக்கிட்டது நல்லதுதானே?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அது அன்றைக்குக் கெட்டதாகத் தெரியவில்லை. மறுநாளே மெக்கானிக் வந்து, முணுமுணுக்காமல், கேனை எஞ்சின் பக்கவாட்டில் முடுக்கி, ஹோஸை அளவாக வெட்டி மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். டீ மட்டும் குடித்தான்.

அதற்குப் பிறகு தங்கச்சிக்குப் பொழுது நன்றாகப் போனது. எழுத்தர் வந்து சைக்கிளைச் சாத்தும்போதெல்லாம் அவர் மேலுதட்டை உற்றுப் பார்ப்பாள். "அண்ணே, பிளேடு வாங்கி வெச்சிருக்கேன். புதுசு." மாப்பிள்ளையும் தன் பங்குக்கு, "மீசை இல்லாம ஆபீஸ் போனா உள்ள விடுவாங்களா மச்சான்?" என்பார்.

கெடு முடிவதற்கு முந்தைய நாள், தங்கையும் மாப்பிள்ளையும் கடைவீதிக்குப் போயிருந்த நேரம், எழுத்தர் வண்டி நின்ற கொட்டகைக்குள் போனார். போகும்போது பார்ப்பதற்கு மட்டும்தான் போனார். கேனின் அடிப்பகுதியைத் திருகிக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்தார். விரலை விட்டுத் தடவினார். துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. மெக்கானிக் சொன்ன சொல் சொன்னபடி நின்றது.

பலகையடியில், எஞ்சினிலிருந்து முன்பு வடித்த பழைய ஆயில் ஒரு டின்னில் இருந்தது. ஒரு ஸ்பூன் போதும் என்றுதான் டின்னைச் சாய்த்தார். அவசரமோ, ஒரு ஸ்பூனைப் பார்த்து யார் வாயை மூடுவார்கள் என்ற ஆசையோ, அரை டம்ளர் விழுந்துவிட்டது. கொட்டிவிட்டு மறுபடி ஊற்றியிருக்கலாம். வாசலில் யாரோ பேசுகிற சத்தம் கேட்டது. அப்படியே திருகி மாட்டிவிட்டு, கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். தெருவில் போன வேறு யாரோ. அந்த நேரத்தில் அவர் மனசில் மெக்கானிக் இல்லவே இல்லை. மீசை மட்டும்தான் இருந்தது.

மறுநாள் மாப்பிள்ளை கேனைக் கழற்றிக் கண்ணாடி டம்ளரில் கவிழ்த்ததும், "அடேயப்பா!" என்றார். தங்கச்சி வாயில் கைவைத்தாள். "மச்சான், உங்க காலைக் கொடுங்க, கும்பிட்டுக்கறேன். இவ்வளவும் என் எஞ்சினுக்குள்ளயா போயிருக்கும்?" எழுத்தர் சாய்ந்து உட்கார்ந்து, "படிச்சுத் தெரிஞ்சுக்கறதும் ஒரு வேலைதான் மாப்பிள்ளை," என்று கூடச் சொன்னார். பின்னால் நினைத்து நினைத்து அவர் உடம்பு கூசியது அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

பாராட்டு ஒரு பொழுதுக்கு மேல் நிற்கவில்லை. திங்கட்கிழமை படகோடு மேட்டில் ஏறும்போது மாப்பிள்ளைக்கு எஞ்சினில் ஏதோ சத்தம் கேட்டது. சந்தேகம் புகுந்த காதுக்குக் காற்று அடித்தாலும் சத்தம்தான். சாயங்காலம் மெக்கானிக்கைக் கூப்பிட்டு அனுப்பினார். எழுத்தரும் அங்கே இருந்தார்.

மெக்கானிக் டம்ளரைப் பார்த்ததும் அவன் முகத்தில் இருந்த சிரிப்பு கரைந்துவிட்டது. "இவ்வளவா? டிப் ஸ்டிக்ல ஆயில் அளவு குறையலையேண்ணே."

"அரை டம்ளர் குறைஞ்சா ஸ்டிக்ல தெரியுமா? ரிங் சரியா உட்காரலைப்பா. வேற என்ன?"

எழுத்தர் தொண்டையைச் செருமினார். "இன்னும் மூணு வாரம் பார்க்கலாமே மாப்பிள்ளை. ஒரு தடவை வந்ததை வெச்சு..."

"நீங்கதானே மச்சான் சொன்னீங்க, நிறைய வந்தா ரிங் போச்சுன்னு அர்த்தம்னு?"

எழுத்தர் சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. 'நான்தான் ஊத்தினேன்.' மெக்கானிக் வாதாடியிருந்தால், கோபப்பட்டிருந்தால், ஒருவேளை சொல்லியிருப்பார். அவனோ தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "ராத்திரி பகலா பார்த்துப் பார்த்துத்தாண்ணே மாட்டினேன். எங்கயோ கோட்டை விட்டிருக்கேன்," என்றான்.

அந்த வாரம் எழுத்தர் தங்கை வீட்டுப் பக்கம் போகவில்லை. அலுவலகத்தில் பதில்கள் எழுதினார். 'தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது.' எந்தக் கடிதத்தைப் பிரித்தாலும் நகக்கண்ணில் கறுப்பு உள்ள யாரோ எழுதியது போல இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை தங்கச்சியிடமிருந்து போன் வந்தது. "அண்ணே, பேனாவோட வாங்க. ஒரு கடிதம் எழுதணுமாம்."

வந்து பார்த்தால் மெக்கானிக்கும் இருந்தான். இந்தத் தடவை அவன் உட்காரவில்லை. சுவரோரமாக நின்றான். நான்கு நாளில் கன்னம் ஒட்டியிருந்தது.

"முதலாளி வெளியூர் பட்டறையில இருக்காரு சார்," என்றான். "போன்ல சொன்னா முழுசாக் கேக்காம கத்துவாரு. எழுத்துல போனா நின்னு படிப்பாரு. எனக்குக் கோர்வையா எழுத வராது. தப்பு என்னுதுதான், இந்த எஞ்சினை என் சொந்தப் பொறுப்புல பிரிச்சு மாட்டித் தர்றேன், இனிமே என்கிட்ட எஞ்சின் வேலை கொடுக்க வேண்டாம்னு எழுதிக் கொடுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

"எஞ்சின் வேலை வேண்டாம்னு எதுக்குப்பா?" என்றாள் தங்கச்சி.

"நேத்து ஆம்புலன்ஸ் ஒண்ணு வந்துச்சுக்கா. எஞ்சின் பிரிக்கணும். ஸ்பேனரைக் கையில எடுத்தேன். கை ஓடல. நடுவழியில நின்னுட்டா உள்ள இருக்கறவங்க கதி? அடுத்த ஆளுகிட்ட விட்டுட்டு டயர் பக்கம் போயிட்டேன்."

மாப்பிள்ளை சங்கடத்தோடு ஜன்னலைப் பார்த்தார். "நான் ஒண்ணும் அவனைக் கட்டாயப்படுத்தல மச்சான். அவனாத்தான் சொல்றான்."

எழுத்தர் காகிதத்தைச் சரிசெய்தார். ஓரம் மடித்தார். தேதி போட்டார். 'மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு.' கை பழக்கத்தில் அழகாக ஓடியது. 'தாங்கள் என்மீது வைத்த நம்பிக்கைக்கு நான்' என்பது வரை வந்தது. அடுத்த சொல்லுக்காக மெக்கானிக் எட்டிப் பார்த்தபோது அவன் கையிலிருந்து சோப்பு வாசனை அடித்தது. இந்த வீட்டுக்கு வருவதற்காக நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்திருக்கிறான்.

பேனா நின்றுவிட்டது.

"அது எஞ்சின்ல இருந்து வந்ததில்ல," என்றார் எழுத்தர், காகிதத்தைப் பார்த்தே.

"எது?"

"ஆயில். கேன் காஞ்சுதான் இருந்துச்சு. கொட்டகையில இருந்த டின்னுல இருந்து நான் ஊத்தினேன்."

மாப்பிள்ளை முதலில் சிரித்தார். விளையாட்டு என்று நினைத்துவிட்டார். பிறகு மச்சானின் காது மடல் சிவந்திருப்பதைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் அறுந்தது.

"எதுக்கு?"

எதுக்கு என்று சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. திருடியிருந்தாலும் பசி என்று ஒரு காரணம் சொல்லலாம். "நீங்கல்லாம் சிரிச்சீங்க," என்றார். வெளியே வந்ததும் அது அவர் காதுக்கே பள்ளிக்கூடத்துப் பையன் பேச்சாகக் கேட்டது.

"மீசைக்கா?" தங்கச்சியின் குரல் உயரவில்லை. "ஒரு மீசைக்கு அடுத்தவன் சோத்துல மண்ணை அள்ளிப் போட்டியா நீ?" கல்யாணமான நாளிலிருந்து அவள் அண்ணனை நீ என்று சொன்னதில்லை.

'பரவாயில்ல சார்' என்று மெக்கானிக் சொல்லிவிடுவான் என எழுத்தர் உள்ளுக்குள் காத்திருந்தார். அவன் சொல்லவில்லை.

"நாலு நாளா சாப்பாடு இறங்கல எனக்கு. என் பொண்டாட்டிகிட்ட, எனக்கு இந்தத் தொழில் வராதுடின்னு சொல்லிட்டேன். அன்னிக்கு நீங்க இங்கயே நின்னு பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

"மன்னிச்சுக்கப்பா."

"அது அப்புறம். நேத்து நான் ஆம்புலன்ஸை விட்டப்பவே சேதி முதலாளி காதுக்குப் போயிருக்கும். அவருக்குக் கடிதம் போகணும். உங்க பேர்ல."

"அந்தக் கேனைக் கழட்டித் தூக்கி எறிப்பா முதல்ல," என்றார் மாப்பிள்ளை கசப்போடு.

"அது என்னண்ணே பண்ணுச்சு பாவம்? இருந்துட்டுப் போகட்டும்."

எழுத்தர் புதுக் காகிதம் எடுத்தார். சரளமாக எழுதி முடித்து, மெக்கானிக் கேட்டதால் வாய்விட்டுப் படித்தார். "'மேற்படி வாகனத்தின் கேனில் எண்ணெய் சேர்ந்திருக்கக் காணப்பட்டது. எனினும் அது எஞ்சினிலிருந்து வெளிப்பட்டது அல்ல என்பது பின்னர் தெரியவந்துள்ளது. இதனால் ஏற்பட்ட அசௌகரியத்துக்கு...'"

"யாரு ஊத்தினதுன்னு அதுல எங்க சார் இருக்கு?" என்றான் மெக்கானிக்.

எழுத்தர் திரும்பப் படித்துப் பார்த்தார். எங்கேயும் இல்லை. எண்ணெய் தானாக வந்து, தானாகத் தெரியவந்திருந்தது. வேண்டுமென்று அவர் அப்படி எழுதவில்லை. இத்தனை வருஷமாக அந்தக் கைக்கு வேறு மாதிரி எழுதத் தெரியாது. அதுதான் அவரை இன்னும் குன்றிப்போகச் செய்தது.

மூன்றாவது காகிதம் எடுத்தார். எழுத்து இந்தத் தடவை கோணலாக வந்தது.

'என் பேச்சு பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக, கேனில் பழைய ஆயிலை நானே ஊற்றினேன். பழி உங்கள் மெக்கானிக் மேல் விழுந்தபோது பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். அவர் செய்த வேலையில் குறை எதுவும் இல்லை. கேட்ச் கேன் இப்போதைக்கு அவசியமில்லை என்று அவர் சொன்னதுதான் சரி.'

படித்து முடித்ததும் தண்ணீர்ச் செம்பைத் தேடினார். தங்கச்சி தண்ணீர் எடுத்துக் கொடுக்கவில்லை. கீழே தன் முழுப்பெயரும் வேலையும் முகவரியும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாப்பிள்ளை இழுப்பறையிலிருந்து உறையும் தபால்தலையும் எடுத்து வைத்தார்.

எழுத்தர் மெக்கானிக் சொன்ன முகவரியை உறைமேல் எழுதி, கடிதத்தை மடித்து உள்ளே வைத்தார். மெக்கானிக் உறையைத் தன் பக்கம் இழுத்து, பசையை நனைத்து, மடிப்பை ஓரத்துக்கு ஓரம் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினான். தபால்தலையையும் அவனே ஒட்டினான்.

"போற வழியில பெட்டி இருக்கு. நானே போட்டுடறேன்," என்று எழுத்தர் கையை நீட்டினார்.

"வேணாம் சார்," என்றான் அவன், மரியாதையாகத்தான். "நான் போட்டுக்கறேன்."

நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் எழுத்தர் மேசையிலேயே வைத்துக்கொண்டார். ஜன்னல் வழியாகத் தெரு தெரிந்தது. மெக்கானிக் முக்குத் திரும்பும் இடத்தில் சிவப்புப் பெட்டி முன்னால் நின்று, முகவரியை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, உறையை உள்ளே போட்டான்.