முட்டுக்கட்டை

"அப்ப நீ விழேல்லை, ஒரு சொல்தான் உன்னை விழுத்தினது எண்டு சொல்லுறாய், என்ன பிள்ளை?" என்றார் பஞ்சலிங்கம்.

"விழுந்தனான்தான் அப்பா. ஏன் விழுந்தனான் எண்டதைத்தான் சொல்ல வாறன்."

"ஏனெண்டு ஊருக்கே தெரியும். மழை, செம்பாட்டுச் சேறு, ஆடொண்டு குறுக்கை பாய்ஞ்சுது, சயிக்கிள் ஸ்கிட் பண்ணிப்போட்டுது. உதுக்குப் போய் அகராதியோ?"

பத்மாசினி மடியில் விரித்திருந்த தடித்த ஆங்கில அகராதியை மூடவில்லை. முழங்கால் காயம் ஆறிவிட்டது. சைக்கிள் மட்டும் அவள் விழுந்த நாளிலிருந்து மாமரத்தோடு சங்கிலியால் பூட்டப்பட்டு நின்றது. பூட்டின் திறப்பு அப்பாவின் வேட்டி மடிப்பில். திங்கட்கிழமை சண்டிலிப்பாய் பாலர் பாடசாலையில் அவள் படிப்பிக்கத் தொடங்கவேண்டும். மானிப்பாயிலிருந்து பஸ்ஸை நம்பிப் போகமுடியாது. போகாவிட்டால் அந்த வேலைக்கு வேறு ஆள் வந்துவிடும்.

"ஸ்கிட் எண்டால் முதலிலை சறுக்கிறது இல்லையாம் அப்பா. மரக்கட்டையாம். பள்ளத்திலை வண்டி இறங்கேக்கை, ஓடிப்போகாமல் சில்லுக்குக் குடுக்கிற முட்டுக்கட்டை. அந்தச் சொல் வடக்குப் பனிநாடுகளிலையிருந்து வந்திருக்கலாமாம்." பனி என்றதும் அவள் கண் ஒருகணம் எங்கோ போய்வந்தது. மொழிபெயர்ப்பு நாவல்களில் அவள் எத்தனை வண்டிகளில் அந்தப் பனிமேல் போயிருப்பாள்!

பஞ்சலிங்கம் சண்டையால் ரயில் நிற்கும்வரை ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்தவர். சில்லு என்றால் காது கொடுக்காமல் இருக்க அவரால் முடியாது. "நிப்பாட்டுற சாமான்ரை பேர் எப்பிடியடி வழுக்கிறதுக்கு வந்தது?"

"சுத்துற சில்லு உருண்டு போகும். கட்டை பிடிச்ச சில்லு சுத்தாது. ஆனா வண்டி நிக்குமே? சில்லு அப்பிடியே இழுபட்டு வழுக்கும்."

"மத்தியானத்துக்கு அகராதியை அவிச்சு இறக்கட்டோ?" குசினியிலிருந்து அம்மா செல்வநாயகியின் குரல் வந்தது. இருவரும் சிரிக்கவில்லை.

இத்தனை நாளாக அவள் விழுங்கி வைத்திருந்ததை இனிச் சொல்லித்தான் ஆகவேண்டும். கடைகளில் பிறேக் ரப்பர் இல்லாத காலம். மகள் தொட்ட உடனே நிற்கவேண்டுமென்று அப்பா பழைய ரயரை வெட்டி, ஒரு மாலை முழுக்க இருந்து பிறேக்கில் இறுக்கிப் பூட்டித் தந்தார். அன்று ஆட்டைக் கண்டு அவள் பிறேக்கை மெல்லத்தான் தொட்டாள்.

"அப்பா, பிறேக்குக்கு என்ன போட்டனீங்கள்?"

"என்ன போடுறது, பிறேக் கட்டை…" என்றவர் அதோடு நின்றார். "அப்ப நானோ உன்னை விழுத்தினது?" என்றார்.

"நான் விழக்கூடாதெண்டுதானே அப்பா இறுக்கினீங்கள்."

அவர் எழுந்து மாமரத்தடிக்குப் போனார். ஸ்ராண்டில் நின்ற சைக்கிளின் பின்சில்லைச் சுழற்றிவிட்டு, ஒற்றை விரலால் பிறேக்கைத் தொட்டார். கிறீச்சென்று சில்லு அறைந்தாற்போல் நின்றது. இன்னொருமுறை சுழற்றினார். மறுபடியும் அதே. ஸ்பானரை எடுத்து வந்து குந்தினார். நட்டைத் தளர்த்தி, கட்டையை விலக்கி வைத்துச் சுழற்றினார். இம்முறை சில்லு தயங்கித் தயங்கி ஓய்ந்தது.

"இப்ப பிடிக்கும். ஆனா இறுக்கிப் பிடிக்காது," என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

கையைத் துடைத்தார். அந்தக் கை வேட்டி மடிப்பில் போய் அங்கேயே நின்றது. வானம் இன்னும் மூட்டமாகத்தான் இருந்தது. பத்மாசினி அகராதியை மூடி வைத்துவிட்டு வந்து, அவருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, திறப்பைத் தாங்கோவன்."