ஆல்டர் தெரு பச்சைக்கு மாறியது

“யாரு கூப்பிட்டது?”

கிரெய்க் சத்தம் போட்டுக் கேட்கவில்லை. அதனால்தான் அவன் மனைவி லோர்னா கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தாள். காலையில் கதவின் தபால் துளை வழியாக வந்து விழுந்திருந்த வழவழப்பான தாளை அவன் சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் விரித்து வைத்திருந்தான். மேலே போலீஸ் சின்னம். அதன் கீழே கொட்டை எழுத்தில், ‘நீங்கள் சொன்னீர்கள், நாங்கள் செய்தோம்’ என்று இருந்தது.

“படிக்கிறேன், கேளு. ‘ஆல்டர் தெருவில் ஒரு வீட்டில் அடிக்கடி சண்டைச் சத்தம் கேட்பதாகப் பக்கத்தில் குடியிருப்பவர் ஒருவர் கவலை தெரிவித்தார். எங்கள் காவலர்கள் அங்கு சென்று விசாரித்தார்கள்.’ பக்கத்துல குடியிருக்கிறவராம். நம்ம வீடு தெருக்கோடி வீடு. நமக்குப் பக்கத்துல எத்தனை வீடு இருக்கு, கண்ணு?”

லோர்னா தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் காலி இடம், ஈரப் புல். மறுபக்கம் ஒரே சுவர். அந்தச் சுவருக்கு அப்பால் மொய்ரா தனியாக இருக்கிறாள். பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிறவள்.

“எனக்குத் தெரியாது கிரெய்க்.”

“உனக்குத் தெரியாதுதான். எனக்குத் தெரியும்.” தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். “சாப்பிடு. ஆறுது.”

அந்தத் தாளை வீடு வீடாகப் போட்டுவிட்டுப் போனவன் பிராம்லி என்ற இளம் காவலன். அவன் மேல் குற்றம் சொல்ல முடியாது. மக்களுக்குப் போலீஸ் மேல் நம்பிக்கை குறைந்துவருகிறது, புகார் கொடுத்தால் ஒன்றும் நடப்பதில்லை என்று நினைக்கிறார்கள், ஆகவே நாம் செய்வதையெல்லாம் அவர்களுக்குத் தெரியப்படுத்துங்கள் என்று தலைமையகத்திலிருந்து உத்தரவு. பெயர் போடக் கூடாது, வீட்டு எண் போடக் கூடாது என்பதில் மிகவும் கவனமாக இருந்தார்கள். தெருக்கோடி வீட்டுக்கு ஒரு பக்கம்தான் அண்டை உண்டு என்பது மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

புகாரின் பேரில் அன்று வந்த காவலர்கள் விசாரித்ததும் உண்மைதான். வாசலில் நின்றே விசாரித்தார்கள். கிரெய்க் லோர்னாவின் தோளில் கை போட்டிருந்தான். ‘எல்லாம் சரிதானே மேடம்?’ என்று கேட்டார்கள். சரிதான், பாத்திரம் கருகிவிட்டது, அதற்காகக் கொஞ்சம் வாக்குவாதம் என்று அவள் சொன்னாள். அடுப்புக் கையுறை போட்டிருந்த இடது கையை அவர்கள் பார்க்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் கிரெய்க் மொய்ராவின் குப்பைத் தொட்டியைத் தெருவிலிருந்து அவனே இழுத்து வந்து அவள் வாசலில் விட்டுவிட்டு மணி அடித்தான்.

“என்ன மொய்ரா, உடம்பெல்லாம் நல்லா இருக்கா?”

“இருக்கு.”

“எங்க வீட்டுச் சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இருக்குதாமே. எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே. எதுக்குப் போலீஸுக்கெல்லாம் வீண் சிரமம்?” சிரித்தான். “லோர்னாதான் பாவம், ரொம்ப வருத்தப்பட்டா. வருத்தப்பட்டா அவளுக்கு உடம்புக்கு முடியாமப் போயிடும். உங்களுக்குத் தெரியாதா?”

மொய்ராவுக்குத் தெரிந்தது. கதவைச் சாத்திச் சங்கிலியை மாட்டினாள்.

கிரெய்க்கைத் தெருவில் பிடிக்காதவர் கிடையாது. பனி கொட்டினால் முதலில் மண்வெட்டியோடு இறங்குபவன் அவன். வயதானவர்கள் வீட்டுக் கூரைக் கால்வாயில் இலை அடைத்தால் ஏணி கொண்டுவருவான். சனிக்கிழமை காலைகளில் சிறுவர்களுக்குக் கால்பந்து சொல்லித் தருவான். அப்படிப்பட்டவன் வீட்டு வாசலில் போலீஸ் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியவளைத் தெரு மன்னிக்கவில்லை. மீன் வறுவல் கடை வரிசையில் மொய்ராவின் முதுகுக்குப் பின்னால் பேச்சு நடந்தது. அவள் காதில் விழட்டும் என்றே நடந்தது.

“புருஷன் பொண்டாட்டின்னா ஆயிரம் இருக்கும். கதவுக்கு உள்ள நடக்கிறது அவங்க பாடு.”

“தனியா இருந்து இருந்து அவளுக்குச் செவுருதான் ரேடியோ.”

“எங்க வீட்டை வெலைக்குப் பாக்க வந்த ஜனங்க போலீஸ் வண்டியப் பாத்துட்டு அப்படியே திரும்பிட்டாங்க தெரியுமா? நம்ம தெருப் பேரே போச்சு.”

மொய்ரா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, உப்பும் வினிகரும் போட மறந்து வெளியே வந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிரெய்க் ஆட்டம் பார்க்கப் போயிருந்தபோது, பின்கட்டில் லோர்னா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மொய்ரா வேலியருகே வந்தாள்.

“லோர்னா, இங்க பாரும்மா. எங்க வீட்டுல மாடி ரூமு காலியாத்தான் கெடக்கு.”

“வேணாம் மொய்ரா.”

“இல்ல, சும்மா ஒரு வார்த்தைக்கு...”

“தயவுசெஞ்சு இனிமே கூப்பிடாதீங்க.” லோர்னா துணிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். “நீங்க நல்ல மனசோடதான் செஞ்சீங்க. ஆனா அவங்க வந்தாங்க, போயிட்டாங்க. அவங்க போனப்புறம் நான்தானே அந்த வீட்டுல இருந்தேன்?”

அன்றிலிருந்து மொய்ரா போலீஸைக் கூப்பிடுவதை விட்டாள். சுவருக்கு அப்பால் நாற்காலி சாயும்போது அடுப்படிக்குப் போய் நின்றுகொள்வாள். அங்கும் கேட்கும்.

வசந்தம் வந்ததும் தேவாலயக் கூடத்தில் தெருக்காரர்களுக்கும் போலீஸுக்குமான கூட்டம் நடந்தது. லோர்னா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நாற்காலிகளைப் போட்டது கிரெய்க். பிராம்லி சுவரில் ஒரு வரைபடத்தைக் காட்டினான். ஊர் முழுதும் கட்டம் கட்டமாக நிறம் பூசியிருந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை.

“போன கூட்டத்துல ஆல்டர் தெரு மஞ்சள்ல இருந்துச்சு. இப்போ பாருங்க, பச்சை! சண்டை, சச்சரவுன்னு இந்தத் தெருவுலேருந்து ஒரு போன்கூட வரல. இதுக்கு நீங்கதான் காரணம்.”

எல்லாரும் கைதட்டினார்கள். கிரெய்க்கும் தட்டினான். இனி ரோந்துக்காரர்களை ஆற்றோரத் தெருக்களுக்கு அனுப்பப் போவதாகப் பிராம்லி சொன்னான். அங்கேதான் இப்போது சிவப்பு.

மொய்ரா எழுந்து நின்றாள்.

“தம்பி, எனக்கு ஒரு சந்தேகம். போன் வரலேன்னா ஒன்னும் நடக்கலேன்னு எப்படி முடிவு பண்றீங்க? பயந்துக்கிட்டு கூப்பிடாம இருந்தா?”

“ஆரம்பிச்சுட்டா,” என்று யாரோ முணுமுணுத்தார்கள். “அந்தம்மாவுக்கு ஒரு துண்டு கேக் குடுங்கப்பா, வாய்க்கு வேலை கெடைக்கும்” என்றார் இன்னொருவர். சிரிப்பு எழுந்தது.

பிராம்லி மட்டும் சிரிக்கவில்லை. “நல்ல கேள்வி மேடம். அதுக்காகத்தான் நம்பிக்கைக் கணக்குன்னு தனியா ஒன்னு எடுக்கிறோம். உங்க வீட்டு போனுக்கு ஒரு பதிவுக் குரல் வரும். போலீஸ் மேல எவ்வளவு நம்பிக்கைன்னு கேக்கும். ஒன்னுலேருந்து அஞ்சு வரைக்கும் பொத்தானை அமுக்கினா போதும். யாராவது ஒன்னு குடுத்தீங்கன்னா, என்ன குறைன்னு கேக்க நானே வீட்டுக்கு வரணும். அது மேலதிகாரி உத்தரவு.”

மொய்ராவுக்கு வாய்வரை வந்துவிட்டது. தேநீர் மேசையைத் திரும்பிப் பார்த்தாள். லோர்னா கெண்டியைக் கையில் பிடித்தபடி, மிக லேசாக, வேண்டாம் என்று தலையசைத்தாள். மொய்ரா உட்கார்ந்துவிட்டாள். கிரெய்க் ஒரு தட்டில் கேக் வைத்து, தானே கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான். தெரு கைகொட்டிச் சிரித்தது.

அந்தப் பதிவுக் குரல் ஒரு புதன்கிழமை வந்தது. லோர்னாவின் கைபேசியைக் கிரெய்க் தினமும் எடுத்துப் பார்ப்பான். கூடத்தில் இருந்த வீட்டுத் தொலைபேசியை அவன் இருக்கும்போது மட்டும்தான் அவள் எடுக்கலாம். அன்றும் இருந்தான். தொலைக்காட்சியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

“யாரு?”

“போலீஸ் கணக்காம். பொத்தான் அமுக்கணுமாம்.”

“அஞ்சை அமுக்கிட்டு வை. நம்ம பசங்களுக்கு முழு மார்க்கையும் போட்டுவிடு.” அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

லோர்னா தொலைபேசிக்கும் அவனுக்கும் நடுவில் திரும்பி நின்றுகொண்டாள். ஒன்றை அமுக்கினாள். கை தவறி அமுக்கியது என்று நினைத்துவிடுவார்களோ என்று கேள்விக்குக் கேள்வி ஒன்றையே அமுக்கினாள். பிராம்லி வருவான், தனியாக நாலு வார்த்தை பேசிவிடலாம் என்பதற்கு மேல் அவள் யோசித்திருக்கவில்லை.

பிராம்லி வெள்ளிக்கிழமை வந்தான். கதவைத் திறந்தது கிரெய்க்.

“வாங்க தம்பி, வாங்க! என்ன விசேஷம்?”

“ஒன்னுமில்ல சார். உங்க வீட்டுலேருந்து எங்களுக்கு ரொம்பக் குறைச்சலா மார்க் வந்திருக்கு. எல்லாத்துக்கும் ஒன்னு. என்ன தப்பு நடந்துச்சுன்னு கேட்டுட்டுப் போகலாம்னு...”

நல்ல பிள்ளை, உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டான். கிரெய்க் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தான். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அந்தச் சிரிப்புக்கு இன்று ராத்திரி என்ன அர்த்தம் என்பது அவளுக்குத் தெரியும்.

மூவரும் உட்கார்ந்தார்கள். கிரெய்க் அவள் பக்கத்தில், சோபாவில். பிராம்லி பதில்களைப் பதியும் கைக்கருவியைத் திறந்தான்.

“சொல்லுங்க மேடம். அன்னிக்கு எங்க ஆளுங்க வந்தப்போ, வேற எப்படி நடந்துக்கிட்டிருக்கணும்னு நினைக்கிறீங்க?”

லோர்னா கம்பளத்தைப் பார்த்தாள். ஏதோ தவறாக அமுக்கிவிட்டேன் என்று சொல்லிவிடலாம். பிராம்லி போய்விடுவான். கட்டம் பச்சையாகவே இருக்கும். எப்படியும் ராத்திரி வரத்தான் போகிறது.

“இவரை வெளிய அனுப்பிட்டு எங்கிட்டக் கேட்டிருக்கணும்,” என்றாள்.

பிராம்லியின் காது சிவந்தது. கிரெய்க் கலகலவென்று சிரித்தான்.

“அட, இவ்வளவுதானா! நான் போய் டீ போட்டுக் கொண்டு வரேன். நல்லாப் பேசுங்க.”

சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். குழாய் திறக்கும் சத்தம் கேட்கவில்லை. கெண்டி வைக்கும் சத்தமும் கேட்கவில்லை. கதவின் அடி இடுக்கில் இரண்டு பாதங்களின் நிழல் அசையாமல் நின்றது. லோர்னா பார்த்தாள். பிராம்லியும் பார்த்தான். என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. அவனுடைய கருவியில் அதற்கு ஒரு கேள்வியும் இல்லை.

லோர்னா பேச ஆரம்பித்தாள். முதலில் இடது கை விரலைப் பற்றிச் சொன்னாள். பிறகு மாடிப்படியைப் பற்றி. சொல்லச் சொல்லக் குரல் ஏறிக்கொண்டே போனது.

“மேடம், கொஞ்சம் மெதுவா,” என்றான் பிராம்லி, சமையலறைக் கதவிலிருந்து கண்ணை எடுக்காமல். “பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.”

“கேக்கட்டும். அவங்க ஒருத்தருக்குத்தான் இதுவரைக்கும் கேட்டிருக்கு.”

சமையலறைக் கதவு மெல்லத் திறந்தது. லோர்னா நிறுத்தவில்லை.